சிறு குற்றம் என்றொரு பெயர்

குற்றங்களைத் தரம் பிரித்து வைப்பது எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் வழக்கமே. ஆங்கில நாட்டின் பொதுச் சட்ட மரபு, அரச துரோகத்தைத் தனியே நிறுத்தி, ஏனையவற்றை ஃபெலனி என்றும் மிஸ்டிமீனர் என்றும் இரண்டாக வகுத்தது. முன்னது பெருங்குற்றம், அதற்குப் பெரும்பாலும் உயிரும் உடைமையுமே விலை. பின்னது சிறு குற்றம்; அதற்கு அபராதமோ சிறையோ போதும்.

இவ்வளவில் நமக்கு வியப்பில்லை. எந்தச் செயல் எந்த வகையில் சேர்க்கப்பட்டது என்று நோக்கும்போதுதான் திகைக்கிறோம். பசிக்கு ஒரு ரொட்டியைத் திருடியவன் ஃபெலனி புரிந்தவனானான். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பொய்யுரைத்தவனோ வெறும் மிஸ்டிமீனர் செய்தவன்! பொய்ச்சாட்சியத்தைப் பெரும் பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்தார்கள், நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அச்சட்டத்தின் ஏட்டில் சிறிதாயிருந்தது, மார்க்கத்தின் தராசில் பெரிதாயிருக்கக் காண்கிறோம்.

சட்டம் வரைந்த கோட்டை மனித இரக்கம் வளைத்ததும் உண்டு. வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடியவனுக்குத் தூக்கு என 1713-இல் சட்டம் வந்தது. உயிரைக் காக்க விரும்பிய ஜூரிகள், களவுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று பலமுறை தீர்ப்புரைத்தனர்.

நம் ஃபிக்ஹு நூல்களும் திருட்டுக்கு அளவு வகுத்துள்ளன. ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனார். ஹனஃபி மத்ஹபில் 10 திர்ஹம். அதற்குக் குறைந்தால் கை வெட்டும் தண்டனை இல்லை. ஐயத்துக்கு இடமிருப்பினும் அத்தண்டனை நீங்கும். ஆயினும் அளவிற் குறைந்த திருட்டு ஹலாலாகி விடுவதில்லை. காஜி தம் மதிப்பின்படி தஃஸீர் விதிக்கலாம். பொருளை உரியவரிடம் சேர்த்தாக வேண்டும். தௌபாவும் செய்தாக வேண்டும்.

இங்கிலாந்து 1967-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தால் ஃபெலனி, மிஸ்டிமீனர் என்ற பாகுபாட்டையே நீக்கிவிட்டது. அமெரிக்காவில் அது இன்றும் நிலவுகிறது. மனிதர் இட்ட பெயர்கள் இப்படி வரும், போகும்.

நம் இல்லங்களிலும் இத்தகைய பெயர்கள் வழங்குகின்றன. கடைத் தராசில் குறைந்த சில கிராம், இரவல் வாங்கித் திருப்பித் தராத நூல், வாசலில் நிற்பவரிடம் "அத்தா வீட்டில் இல்லை" என்று பிள்ளையைச் சொல்லவைக்கும் பொய் – இவையெல்லாம் "சின்ன விஷயம்" ஆகிவிட்டன. சிறிது என்று கருதிக் கருணை காட்டும் உரிமை நீதிபதிக்கு உண்டு; பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. செய்தவர் அந்தப் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்வது எவ்வாறு பொருந்தும்? வல்ல நாயன் நமக்கு நேரிய பார்வையைத் தந்தருள்வானாக!