கொண்டை போட்ட கள்ளி



கோழிக்கொண்டைப் பூவை அறியாதவர் நம்மில் எவரும் இலர். மடிப்பு மடிப்பான அதன் சிவந்த கொண்டையைக் கண்டு மகிழும் நாம், அதே கோலத்தில் ஒரு கள்ளிச்செடி வளர்ந்து நின்றால், நோய் கண்டுவிட்டது என்றெண்ணி வெட்டியெறிய முற்படுகிறோம்.

செடியின் நுனியில் புதிய உயிரணுக்கள் பெருகும் இடம் வழக்கமாக ஒரு புள்ளியாக இருக்கும். ஆதலால் தண்டு நேராக உயர்கிறது. அரிதாகச் சில செடிகளில் அப்புள்ளி நீண்டு ஒரு கோடாகிவிடும். அப்போது தண்டு பக்கவாட்டில் பரந்து, விசிறிபோல் விரிந்து மடிகிறது. நுனியில் பட்ட காயம், பூச்சியின் தாக்குதல், மரபணு மாற்றம் எனக் காரணங்கள் பல. இன்ன காரணந்தான் என அறுதியிட இயலாமற்போவதும் உண்டு.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவி நர்சரியிலிருந்து இத்தகைய செடியொன்றை வாங்கி வந்தாள். கள்ளியின் கொண்டையை, நேராக வளரும் வேறொரு கள்ளியின் மீது ஒட்டுக்கட்டியிருந்தார்கள். "இது என்ன வாப்பா, பவளப்பாறை மாதிரி இருக்கு!" என்று வியந்தார் என் உம்மா.

நாள்தோறும் பஜ்ருத் தொழுகை முடிந்து வந்ததும் அதன் தலையில் தண்ணீர் ஊற்றுவது என் வழக்கமாயிற்று. சில மாதங்களில் ஒட்டுக்குக் கீழே பச்சைத் தளிரொன்று நேராகக் கிளம்பியது. "செடி சரியாயிடுச்சு" என்று உம்மா மகிழ்ந்தார். நானும் நம்பினேன். தளிர் உயர உயரக் கொண்டை சுருங்கிற்று. மடிப்புகளில் தேங்கிய நீரால் ஒரு பக்கம் அழுகியும் போயிற்று. விரைந்து வளரும் தளிர், கொண்டைக்குச் சேரவேண்டிய உணவைத் தானே இழுத்துக்கொண்டது என்பது எனக்குத் தாமதமாகவே விளங்கியது.

பதற்றத்தில் வெறுங்கையால் தளிரை ஒடித்தேன். விரலில் கள்ளிப்பால் இருந்ததை மறந்து கண்ணைத் தேய்த்துவிட்டேன். கண் மருத்துவரிடம் ஓட நேர்ந்தது. ஒரு வாரம் வரை பிள்ளைகளின் முகங்கூட எனக்கு மங்கலாகவே தெரிந்தது.

எனவே இச்செடியை வளர்ப்போர் சிலவற்றைக் கவனத்திற் கொள்ளுங்கள். ஆற்றுமணலும் செங்கல் துண்டுகளும் கலந்த, நீர் தேங்காத மண்ணே ஏற்றது. மண் நன்கு காய்ந்த பிறகே நீர் விடுங்கள். அதையும் கொண்டையின் மீது ஊற்றாது, அடியில் விடுங்கள். காலை வெயில் நன்று. கோடையின் உச்சிவெயில் மடிப்புகளைக் கருக்கிவிடும். மாவுப்பூச்சி மடிப்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அடிக்கடி உற்றுப் பாருங்கள். நேராகக் கிளம்பும் தளிரைச் சிறிதாக இருக்கும்போதே, கையுறை அணிந்து, தூய கத்தியால் அகற்றுங்கள். கள்ளிப்பால் கண்ணிலும் வாயிலும் படலாகாது. சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

அழுகிய பகுதியை அறுத்தெடுத்த பின் கொண்டையில் பாதியே எஞ்சியது. இவ்வாண்டு அதன் விளிம்பில் புதிய மடிப்பொன்று தோன்றியிருக்கிறது. அதைக் காணுந்தோறும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. செடி சரியாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த நாட்களில்தான் அது செத்துக்கொண்டிருந்தது. மதரஸாவில் ஒரு மாணவனைக் குறித்து, "இப்போது இவனும் மற்றவர்களைப் போலாகிவிட்டான்" என்று எவரேனும் பாராட்டினால், உடனே தலையசைக்க எனக்கு இப்போதெல்லாம் மனம் வருவதில்லை. அவனை அருகில் அழைத்து, ஒருமுறை உற்றுப் பார்க்கிறேன்.