கைநீட்டி வாங்கும் மூலக்கூறு

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், குளிர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரீஏஜென்ட் பாட்டிலின் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு பெயர் உண்டு: கிளைசில்கிளைசின்.

அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். இரண்டு கிளைசின்கள் கைகோத்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியே தள்ளினால் கிளைசில்கிளைசின். டைபெப்டைடுகளில் இதைவிட எளியது கிடையாது. மூலக்கூறு எடை 132தான். 1901இல் எமில் ஃபிஷரும் எர்னஸ்ட் ஃபூர்னோவும் கிளைசினின் வளைய வடிவத்தை அமிலத்தால் உடைத்து இதைச் செய்தார்கள். அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் புரதம் என்று காட்ட ஃபிஷர் நடந்த பாதையில் இது ஒரு தொடக்கக் கண்ணி. 1966இல் நார்மன் குட்டும் அவருடைய சகாக்களும் உயிரியல் சோதனைகளுக்கு ஏற்ற பஃபர்களைப் பட்டியலிட்டபோது அதிலும் இது இடம்பெற்றது. பிஎச் 8ஐ ஒட்டிய கரைசலில் கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அதிகம் ஆடவிடாது.

எங்களுக்கு அது தேவைப்படுவது ஜிஜிடி டெஸ்டுக்கு. காமா குளூட்டமில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி, ஓரிடத்திலிருந்து குளூட்டமில் துண்டைப் பிய்த்து இன்னொருவரிடம் கொடுக்கும் தரகர். வாங்கிக்கொள்ள யாராவது வேண்டுமே? அந்தக் கையை நீட்டுவது கிளைசில்கிளைசின். துண்டு போனபின் மிஞ்சும் பொருள் மஞ்சளாக நிற்கும். மஞ்சள் ஏறும் வேகத்தை மிஷின் அளந்து எண்ணாக்கும்.

குடிப்பவர்களுக்கு அந்த எண் ஏறும். ஆகவே ஊரில் இதற்குக் 'குடி டெஸ்ட்' என்றே பெயர் வந்துவிட்டது.

குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது என்று சொல்லிவந்த என் மாமாவுக்கு 186 வந்தது. ஆண்களுக்கு 60 வரை பரவாயில்லை என்பார்கள். அத்தை ரிப்போர்ட்டைப் பிடித்தபடி, "பாத்தியாப்பா, ரத்தமே சொல்லுது" என்றாள். மாமா என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, உன் மிஷினும் என்னைய நம்ப மாட்டேங்குதா?"

மாமா வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையே இந்த நொதியைக் கூட்டும். கொழுப்புக் கல்லீரல், பித்தநாள அடைப்பு எதுவானாலும் கூட்டும். சோதனைக் குழாயில் கையை நீட்டி நிற்கிற மூலக்கூறுக்கு, கொடுக்க வந்த நொதி எதனால் பெருகியது என்று தெரியாது. வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இதை அத்தையிடம் சொன்னேன், டாக்டரும் சொன்னார்.

"அப்ப இவரு குடிக்கலன்னு இது சொல்லுதா?"

"அதையும் சொல்லாது அத்த."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான்தான் முடிவு பண்ணணும்" என்று ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இப்போதெல்லாம் ஜிஜிடி கூடுதலாக வந்தால், ரிப்போர்ட் வாங்க வருபவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க."