ஒரே அப்பம், மூன்று நம்பிக்கை

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் மண் தோற்றமே மாறி வெளியே வரும். கத்தோலிக்கர் சொல்லும் நற்கருணை இதற்கு நேர் எதிர். தோற்றம் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது முழுதாக மாறிவிடும்: அப்பம் கிறிஸ்துவின் உடலாக, இரசம் இரத்தமாக. திரெந்து சங்கம் 1551இல் இதை உறுதிசெய்தது.

லுத்தரன்காரர்களுக்கு அப்பம் அப்பமாகவே இருக்கும், அதனோடு கிறிஸ்துவும் மெய்யாகவே இருப்பார். சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்ளிக்கு அது நினைவுச் சின்னம். 1529இல் மார்பர்க்கில் லுத்தரும் அவரும் நேருக்கு நேர் பேசியும், இந்த ஒன்றில் மட்டும் உடன்பாடு வரவில்லை. இன்று நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் சுவிங்ளி பக்கம்தான். அங்கே மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு.

இந்தச் சண்டை நமக்கு அந்நியமில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன்காரர்களை எதிர்த்து 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று நூல்களே எழுதினார். தேம்பாவணி எழுதிய அதே கைதான்! காப்பியத்தைக் கொண்டாடும் நாம் இவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. தமிழ் உரைநடை வளர்ந்ததில் இந்த வாக்குவாதத்துக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

பிரிவு பின்னரும் நீடித்தது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோதும் லுத்தரன் சபைகள் வெளியேதான் நின்றன. கத்தோலிக்கப் பீடத்தில் பிற சபையாருக்குப் பொதுவாக நற்கருணை கிடையாது. வேறு சபை உறவினர் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், வரிசையில் நிற்கும் முன் அங்குள்ள பங்குத்தந்தையிடமோ ஐயரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.