தண்ணியில் வந்த வானவில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து வந்தது. அப்போது நான் ஏழாவது படித்தேன். அப்பா படகைப் பார்க்கப் போனார். நானும் தம்பியும் கூடவே போனோம். கரையோரத் தண்ணியில் ஊதா, பச்சை, மஞ்சள் என்று கலர் வளைந்து வளைந்து ஓடியது. "அக்கா, வானவில்!" என்று தம்பி கத்தினான். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அப்பா பேசவே இல்லை. அவர் நடு ஆத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கலரே இல்லை, தார் மாதிரி கறுப்பு.

ஏன் அப்படி என்று இந்த வருஷம் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். எண்ணெய்ப் படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறம் கூடுமாம், சில நிறம் குறையுமாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒன்றிரண்டு பங்குதான் அந்தப் படலத்தின் தடிமன். இன்னும் மெல்லிசானால் வெள்ளி மாதிரி மினுங்கும். நன்றாகத் தடித்துவிட்டால் கறுப்புதான், வெளிச்சம் கீழே இறங்காது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "கலரா இருந்தா எண்ணெய் கொஞ்சம்தான், கறுப்பா இருந்தா வலை போச்சு. அது பாத்தாலே தெரியும்மா. ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் அப்பா.

அந்த வலையை அம்மா சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை அலசினார். இன்னும் கறுப்பாகத்தான் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.