பிரேக் பிடிக்கும் கை

வண்டி ஓட்டப் பெண்களுக்குக் கற்றுத்தர இன்று ஆள் கிடைக்கிறது. வண்டி எப்படி நிற்கிறது என்று சொல்லித்தர யாரும் இல்லை. 2019 ஏப்ரல் முதல், 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். அதில் கல்லூரிக்கு வரும் என் மாணவிகளில் ஸ்பானரைத் தொட்டவர்கள் குறைவு.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவுடையது அதற்கு முந்தைய டிவிஎஸ் எக்ஸ்எல். விடியற்காலையில் காசிமேட்டில் சரக்கெடுத்து, கண்டெய்னர் லாரிகளை ஒட்டியே திருவொற்றியூர் வருவார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் பின்சக்கரத்தில் சொட்டிக்கொண்டே வரும். பிரேக் அடிக்கடி இறுகிப்போகும். கடையில் கேட்டால், "வீட்டுக்காரரை வரச்சொல்லும்மா" என்பார்கள். அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை.

என் ஸ்கூட்டருக்கு நானே செய்து பழகிய வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தை என் வாசலில் கழற்றினோம். டிரம்முக்குள் மர்மம் எதுவுமில்லை. கேபிள் இழுத்தால் கேம் திரும்பும். அது இரண்டு ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். உள்ளே புகுந்த உப்புத் தண்ணீர் அங்கேயே தங்கிக் கேமைத் துருப்பிடிக்க வைக்கும். படகை ஏற்றிக் கடலில் இறக்கும் டிரெய்லர்களுக்கும் இதே தொல்லைதான். வெளிநாடுகளில் அவற்றுக்குப் பலர் டிஸ்க் பிரேக் மாற்றி, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள்.

டிஸ்க் மாற்ற அக்காவிடம் காசில்லை. தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கேமை உப்புத்தாளால் தேய்த்து, லைனிங்கில் படாமல் துளி கிரீஸ் வைத்தோம். ஷூவும் கேபிளும் புதிது. பெட்டித் தண்ணீர் சக்கரத்தில் படாமல் பின்னால் விழ ஒரு பிளாஸ்டிக் குழாய் பொருத்தினோம். பிறகு தெருவிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்து, நட்டைத் திருகிச் சரிசெய்தோம்.

"இவ்ளோதானா டீச்சர்? இதுக்கா ஆம்பளைய கூட்டினு வரச் சொன்னாங்க?"

வகுப்பில் நான் முல்லைத்திணை நடத்துகிறேன். தலைவன் பாகனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்வான், தலைவி காத்திருப்பாள். தேர் ஓடுவதோ நிற்பதோ அவள் கையில் இல்லை. வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் உட்புறத்தை மட்டும் ஆண்களிடம் வைத்துக்கொள்வது அந்தக் காத்திருப்பின் புது வடிவம். உயிர் தொங்கும் கேபிள் எது என்று தெரிந்துகொள்வது பெண்ணுக்குப் பொழுதுபோக்கு அல்ல.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரை அக்கா கழற்றினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.