பத்து நிமிடச் சிவப்பு

ஜூன் 11, புதன்

ஜனவரியில் ஒயர் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. வராத பாக்கியைக் குறித்து வைக்கத்தான் திறப்பேன். இன்று வேறு விஷயம்.

இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மாடியில் பாப்பா அறைக் கதவிடுக்கில் சிவப்பாக வெளிச்சம். முப்பத்தோரு வருஷமாக மதுரை டவுன்ஹால் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஜீரோ வாட் வெளிச்சம் எது, ஒயர் கருகுகிற வெளிச்சம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது ரெண்டுமில்லை. கதவைத் தள்ளினால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முகம் இருக்கவேண்டிய இடத்தில் தணல். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று. கத்திவிட்டேன்.

"கத்தாதீங்கப்பா, அம்மா எந்திரிச்சிரும். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

நாலு நிமிஷமும் வாசற்படியிலேயே நின்றேன். பீப் என்று ஒரு சத்தம், அணைந்தது. கழற்றினாள். உள்ளே அதே முகம்தான். தாடையோரம் பரு, கன்னத்தில் பழைய பருக்களின் கறை. சென்னையிலிருந்து வந்து பதினோரு நாள் ஆகிறது. வேலையை விட்டாளா, விடச் சொன்னார்களா தெரியவில்லை. கேட்டால் "லீவுப்பா" என்கிறாள். மெத்தையும் மிக்ஸியும் லாரியில் வந்து இறங்கிய லீவு.

ஜூன் 12

விலை கேட்டேன். இருபத்திரண்டாயிரம். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவும் மகளும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அந்த முகமூடியை எடுத்து மேஜையில் வைத்தேன். சிலிகோன். ஹவாய் செருப்பு மாதிரி வளைகிறது, பின்னால் ஒட்டுப்பட்டை. எண்ணினேன்: நாற்பத்து நான்கு இடங்களில் மும்மூன்றாக, நூற்று முப்பத்திரண்டு எல்இடி. கடைக் கணக்கில் அத்தனையும் சேர்த்து ஆயிரம் ரூபாய் தாண்டாது.

பொத்தானை அமுக்கினேன். சிவப்பு மட்டும் எரிந்தது. மறுபடி அமுக்கினால் நீலம். மூன்றாவது எதிலுமே எரியவில்லை. இருபத்திரண்டாயிரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு டெட்! ஒரு நிமிஷம் உள்ளூர சந்தோஷமாகக்கூட இருந்தது, நாம் சொன்னது சரிதானே என்று. அப்புறம்தான் டிவி ரிமோட் ஞாபகம் வந்தது. ரிமோட் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம், முனையை செல்போன் கேமராவுக்குக் காட்டி அமுக்கச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு கேமராவில் வெளுத்த ஊதாவாகத் தெரியும். சிவப்பை எரியவிட்டு, செல்பி கேமராவைப் பிடித்தேன். அத்தனையும் மினுமினுவென்று எரிந்துகொண்டிருக்கின்றன.

பெட்டியில் எழுதியிருப்பது: நீலம் 415 நானோமீட்டர், சிவப்பு 633, கண்ணுக்குத் தெரியாதது 830. அலைநீளம் கூடக் கூடத் தோலுக்குள் ஆழமாக இறங்குமாம். சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். பில் புத்தகத்தின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன். 600 விநாடிக்கு 18 ஜூல். அலைநீளத்தையும் வாட்டையும் அச்சடிக்கத் துணிந்தவன் பாதி யோக்கியன். கலர் கலராக எரியும் என்று மட்டும் போட்டு விற்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பல்பு வியாபாரத்திலும் அதே கதைதான்.

ஜூன் 17

சாப்பிட்டு முடித்து மாடியில் போய் உட்கார்ந்தேன். சும்மாதான். மெஷினை இரவல் கேட்பேனோ என்று அவளுக்குச் சந்தேகம். வீட்டு ஓனர் அட்வான்ஸை இன்னும் திருப்பித் தரவில்லை என்றாள். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்தே வைப்பாளாம். ஏன் என்று கேட்டேன். பீப் அடித்துவிட்டது. கழற்றியதும், "தூக்கம் வருதுப்பா."

ஜூன் 20, வெள்ளி

கடையில் மிச்சமிருந்த சிவப்பு ஸ்ட்ரிப் லைட்டை வெட்டி, பழைய ஹெல்மெட்டின் முகக் கண்ணாடிக்குள் சுற்றி ஒட்டி, பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் போட்டுக் கொண்டுவந்தேன். செலவு முந்நூற்றுச் சொச்சம். பாப்பா பார்த்தாள். "அப்பா, இது சித்திரைத் திருவிழா சீரியல் செட்டு." வந்ததிலிருந்து இன்றுதான் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முந்நூறு சரியான விலை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஸ்ட்ரிப்பில் அகச்சிவப்பு கிடையாது, சூடும் ஜாஸ்தி. என் கன்னம் இன்னும் எரிகிறது.

ஜூன் 24, செவ்வாய்

தோல் டாக்டர். வண்டியில் கூட்டிப்போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

டாக்டரம்மா மெஷினைக் குறை சொல்லவில்லை, தூக்கியும் பேசவில்லை. பருவில் இருக்கிற கிருமி போர்ஃபிரின் என்று ஒன்றைச் சுரக்கும். நீல வெளிச்சம் அதில் பட்டால் கிருமியே சாகும். சிவப்பு, வீக்கத்தைத் தணிக்கும். லேசான பருவுக்குப் பலன் உண்டு. ஆனால் இவளுக்குத் தாடையில் வருவது ஹார்மோன் பரு, வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்றார். "பள்ளம் விழுந்த தழும்பை இது நிரவாதும்மா."

பிறகு கன்னத்துக் கறையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நீலம் போடுறீங்களா?" மூன்று வாரமாகப் போடுகிறாளாம். வெள்ளைக்காரத் தோலை அவ்வளவாகத் தொடாத நீல வெளிச்சம் நம் மாதிரி மாநிறத் தோலில் கறையைக் கருக்க வைக்கும், மங்கு இருந்தால் கூடும் என்றார். பளிச்சென்று ஆகத்தானே பிள்ளை இதை வாங்கினாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆறு வாரம். வெளிச்சம் பட்டால் தோலைச் சிவக்க வைக்கிற மாத்திரை. வெயிலின் புற ஊதாவுக்குத்தான் முக்கியமாகப் பயம், இந்த மெஷினில் அது இல்லை. இருந்தாலும் மாத்திரை முடியும்வரை எடுத்து வை என்றார். கண்ணைப் பற்றி நான் கேட்டேன். 2019-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி இதே மாதிரி மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டதாம், சில விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை. ஆனாலும் எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

ஜூன் 25

பெட்டி பீரோ மேல் ஏறிவிட்டது. பத்து மணிக்கு வழக்கம்போல் மாடிக்குப் போனேன். டியூப் லைட் வெளிச்சத்தில் ரெண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது, கெப்பாசிட்டர் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஜூலை 3, வியாழன்

1998-ல் இவள் பிறந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. நீல வெளிச்சத்தின் கீழே வைத்தார்கள், கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி. ரெண்டு நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கடை போட்டு நாலு வருஷம் ஆன புதிது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எத்தனை வாட், எந்தச் சோக் என்பதுதான். அப்போது நீல எல்இடி ஏது? ஜப்பான்காரர் நகாமுரா பிரகாசமான நீலத்தை எரியவைத்தே ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் கடைப் பக்கம் சிவப்பும் பச்சையும்தான். இவள் மேல் எரிந்தது நீல டியூப். ஒரு டியூப்பின் முனை கறுத்திருந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

இன்று இதைச் சொன்னேன். பாப்பா போனில் தேடிப் படித்தாள்: 1956-ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் என்கிற ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், குழந்தைகளை வெயில் காட்டக் கொண்டுபோவாராம். ஒரு குழந்தையின் மஞ்சள் மங்கிவிட்டது, போர்வை முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் பிடித்தார்களாம்.

"கண்ணைக் கட்டியிருந்தா நான் அழுதேனாப்பா?"

அழவில்லை. நல்லாத் தூங்கினாய் என்றேன்.

ஜூலை 6

சிவப்பு வெளிச்ச வைத்தியம் ஆரம்பித்த கதையையும் படித்தாளாம். 1967, ஹங்கேரி. மெஸ்டர் என்ற டாக்டர், லேசர் பட்டால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளுக்கு முடியை மழித்து வெளிச்சம் அடித்தார். நோய் வரவில்லை. முடி வேகமாக முளைத்தது. வீட்டில் கேட்டுவிட்டு, "அப்ப இவளுக்கு மீசை முளைச்சிராதா?" என்று பதறினாள்.

ஜூலை 7

நேற்றிரவு எல்லோரும் தூங்கியபின் பெட்டியை இறக்கி, தலையில் கவிழ்த்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வழுக்கை வழுக்கையாகவே இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மாப்பிள்ளைப் பேச்சு ஒரு மாதத்துக்கு இல்லை. வீட்டில் அதற்கு வருத்தம். மகள் ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 18

தரகருக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கன்னம் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. இது யார் முகம்? அழிக்கச் சொன்னேன். வீட்டில் சண்டை.

ஆகஸ்ட் 9, சனி

மாத்திரை முடிந்தது. தாடையில் பரு குறைவு. கறை லேசாக வெளுத்திருக்கிறது, அல்லது எனக்குப் பழகிவிட்டது. சிவப்பு மட்டும் போடலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பத்து மணிக்குப் பெட்டியை நானே இறக்கினேன்.

"இன்னைக்கு நீங்க போடுங்க" என்று என் தலைக்குப் பின்னால் பட்டையை இழுத்து ஒட்டினாள். மூக்கில் சிலிகோன் வாடை. கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பு. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. விளக்கை அணைக்கிற ஸ்விட்ச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மீட்டிங்ல ஒரு நாள் கேமரா ஆன் ஆயிருச்சுப்பா" என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை. பாதியில் பீப் அடித்தது. பேச்சு நின்றது.

தடவிப் பார்த்துப் பொத்தானை மறுபடி அமுக்கினேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. என் தோல்தானே.