குளம் அரசுடையது, கரை அவர்களுடையது

வியாழன், மாலை

101ஆம் எண் சாலையில் மேற்கே போகப் போக மொனாட்னாக் மலை மரங்களுக்கு மேலே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. 3,165 அடிதான் உயரம். ஆனால் பக்கத்தில் அதற்கு ஈடாக வேறெதுவும் எழும்பாததால் தெற்கு நியூ ஹாம்ப்ஷயரில் பாதி ஊர்கள் அதன் முகத்தில்தான் விழிக்கின்றன. அத்தான் ஓட்டினார், 25 அடி நீள வாடகை ஆர்.வி., அதாவது வீட்டு வண்டி. தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்கும் இடத்தில், நடக்கிற வேகத்தில் வரச் சொல்லிக் கையால் எழுதிய ஒரு பலகை. அங்கிருந்தே காடு.

குளக்கரை முகாமின் அலுவலகம் என்பது அதை நடத்தும் குடும்பத்து வீட்டின் முன்னறை. ஒரு மூலையில் விறகுக் கட்டுகள், இன்னொரு மூலையில் ஐஸ் பெட்டி, தூண்டிலுக்கான மண்புழு டப்பாக்கள் அடுக்கிய சின்னக் குளிர்பெட்டி. கல்லாவில் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டது, "விறகு ஏதாவது கொண்டு வந்தீர்களா?" என்றுதான்.

கேள்விக்குக் காரணம் உண்டு. ஆசியாவிலிருந்து வந்த மரகதப்பச்சை வண்டு ஒன்று 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்துக்குள் சாறு ஓடும் வழியை அறுத்துவிடும். வண்டு தானாகப் பறப்பது கொஞ்ச தூரம்தான். முகாமுக்குப் போகிறவர்களின் விறகில் ஏறி அது மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்தது. 2013இல் நியூ ஹாம்ப்ஷயருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சூட்டில் பதப்படுத்தாத வெளிமாநில விறகுக்கு இங்கே தடை. பாட்டியின் மகன், பட்டுப்போன ஆஷ் மரங்களின் அடிக்கட்டைகளைப் பிறகு எங்களுக்குக் காட்டினார். வரிசையாக ஏழெட்டு. அவருடைய தாத்தா காலத்து மரங்கள்.

அந்த மகன்தான் கோல்ஃப் வண்டியில் முன்னால் போய் எங்கள் இடத்தைக் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து மட்டம் பார்த்தார். இந்த வண்டியின் குளிர்பெட்டியில் அம்மோனியா தானாகவே வழிந்து சுற்றி வரவேண்டும். வண்டி சரிந்து நின்றால் அது தேங்கிக் குளிர்பெட்டியே கெட்டுப்போகும் என்றார். பிறகு மின்சாரம். எங்களுடையது 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கும். ஹீட்டர் 1,500, கெட்டில் 1,500, அதற்கு மேல் மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும். அக்கா உடனே சமையல் வரிசையை மாற்றிக்கொண்டாள். ரசம் கேஸ் அடுப்புக்குப் போயிற்று. கெட்டில் ஓடும்போது ஹீட்டர் அணைக்கப்பட்டது.

இரவு கூரை மேல் ஓக் கொட்டைகள் விழுகின்றன. தகரத்தில் விழும் சத்தம் பலமாகத்தான் இருக்கிறது.

வெள்ளி

காலையில் தரையெல்லாம் மஞ்சள். இலையுதிர் காலம் என்றால் மேப்பிள் சிவப்பைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வெள்ளைப் பைனும் செப்டம்பர் கடைசியில் உள்பக்கத்துப் பழைய ஊசிகளைப் பழுக்க வைத்து உதிர்க்கிறது. ஐந்தைந்து ஊசியாக ஒரு காம்பில் சேர்ந்து விழும். நடந்தால் காலடிச் சத்தமே கேட்பதில்லை.

குளத்தின் மறுகரை துல்லியமாகத் தெரிகிறது. அறுபது ஏக்கர் இருக்கும் என்றார்கள். இந்தப் பகுதிக் குளங்களில் பல, பனியுகம் விட்டுப்போனவை. பனிப்பாறைப் படலம் வடக்கே பின்வாங்கியபோது பெரும் பனிக்கட்டிகள் மணலிலும் சரளையிலும் புதைந்து நின்றுவிட்டன. அவை மெல்ல உருகிய குழிகளில் தண்ணீர் தங்கியது. இந்தக் குளமும் அப்படிப் பிறந்ததுதான் என்கிறார் மகன். கரையோரம் கிடக்கும் உருண்டைக் கற்களைப் பார்த்தால் எனக்கும் நம்பத் தோன்றுகிறது.

படகில் போகும்போது அவர் சொன்ன ஒரு செய்தி நாள் முழுக்க மனத்தில் நின்றது. நியூ ஹாம்ப்ஷயரில் 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள இயற்கை நீர்நிலை எல்லாம் மக்களுக்காக மாநிலம் பொறுப்பில் வைத்திருக்கும் பொதுச்சொத்து. பியூரிட்டன் குடியேறிகள் 17ஆம் நூற்றாண்டில், 1640களில், மாசசூசெட்ஸில் எழுதி வைத்த சட்டத்திலிருந்து வரும் வழக்கம் இது. மீன்பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் யாரையும் தடுக்கக்கூடாது என்பது அன்றைய எண்ணம். ஆக, மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பம் காத்துவரும் குளத்தில் ஒரு சொட்டுக்கூட அவர்களுடையதில்லை. கரை மட்டும் அவர்களுடையது. அதற்கு வரி உண்டு. இந்த மாநிலத்தில் பொது விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடமும் சாலையும் பெரும்பாலும் சொத்து வரியில் ஓடுகின்றன. தண்ணீரைப் பார்த்த நிலத்தின் மதிப்பு ஏற ஏற வரியும் ஏறும். சம்பாதிக்கும் காலமோ மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. நிலத்தைக் கேட்டு ஆள் வருகிறார்களா என்று அத்தான் கேட்டார். "வாராவாரம் கடிதம் வருகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடுப்பை மாற்றிப் போட்டார் அவர்.

குளத்தின் நடுவில் லூன் என்னும் நீர்ப்பறவையின் குஞ்சு ஒன்று. குஞ்சு என்று சொல்வதே தப்பு; சாம்பல் நிறத்தில் நன்றாக வளர்ந்துவிட்டது. பெரிய பறவைகள் முன்னதாகவே கடலோரத்துக்குக் கிளம்பிவிடுமாம். குஞ்சு பின்னால் தனியாகத் தன் வழியைத் தானே கண்டுபிடித்துப் போகும். பல பறவைகளுக்கு இருப்பதுபோல இதன் எலும்பில் காற்றறைகள் இல்லை, கனமான எலும்பு. அதனால் நன்றாக முங்கும். பறந்து எழும்பத்தான் தண்ணீர் மேல் சில நூறு அடி ஓடவேண்டும். உறைபனி மூடுவதற்குள் கிளம்பாவிட்டால் ஓடுவதற்கு இடமிருக்காது.

லூன்களைக் கொன்றவற்றில் பெரும்பங்கு தூண்டில் ஈயத்துக்கு. இரைப்பையில் உணவை அரைக்கப் பறவை கூழாங்கல் விழுங்கும். கல்லோடு கல்லாக ஈயக் குண்டும் போகும். சில வாரங்களில் உயிர் போய்விடும். மோல்டன்பரோவிலுள்ள லூன் பாதுகாப்புக் குழு 1975 முதல் இந்தப் பறவைகளுக்காகப் போராடி வருகிறது. ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈயக் குண்டுகளை விற்பதற்கும் நன்னீரில் பயன்படுத்துவதற்கும் 2016 ஜூன் முதல் மாநிலத்தில் தடை. பாட்டியின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. வருகிறவர்கள் தாத்தாவின் தூண்டில் பெட்டியில் கிடந்த ஈயத்தை அதில் போட்டுவிட்டு வெள்ளீயக் குண்டு வாங்கிக்கொள்ளலாம். ஜாடி முக்கால்வாசி நிறைந்திருந்தது.

சனி

இன்று படகுத்துறையைக் கழற்றும் நாள். தண்ணீரில் விட்டுவைத்தால் குளிர்காலத்து உறைபனி விரிந்து கரையை நெருக்கும்போது குழாய்க் கால்களை வளைத்துவிடும். அதனால் ஆண்டுதோறும் இலையுதிரில் கழற்றி, வசந்தத்தில் மறுபடி பூட்டுகிறார்கள்.

பருவம் முழுக்க இடம் பிடித்துத் தங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இரவுப் பணி செய்யும் செவிலியர், அவர் கணவர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள். எட்டு மணிக்கு எல்லோரும் கரையில் இருந்தார்கள். கூலி கிடையாது, யாரும் கூப்பிடவுமில்லை. இடுப்புவரை ரப்பர் உடுப்பு மாட்டிய மூன்று பேர் உள்ளே இறங்கித் திருகாணி தளர்த்த, மற்றவர்கள் பலகைத் துண்டுகளைத் தோளில் தாங்கி மேட்டுக்கு ஏற்றினோம். அத்தானுக்கும் எனக்கும் ஒரு முனை கிடைத்தது. பேருந்து ஓட்டுநர் ஒவ்வொரு துண்டின் அடியிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டார். வசந்தத்தில் அதே வரிசையில் பூட்டவேண்டும். கடைசியாக இழுத்து வந்தது லூன் கூடு கட்டுவதற்காக மே மாதம் மிதக்கவிட்ட மரத்தெப்பம். இந்த ஆண்டு அதில்தான் முட்டையிட்டதாம். நேற்றுப் பார்த்த குஞ்சு அந்தத் தெப்பத்துப் பிள்ளை. ஒட்டியிருந்த பாசியையும் புல்லையும் செவிலியர் மட்டும் தனியாக நின்று சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொரு குளத்துக் களை இங்கே ஏறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு படகின் அடியையும் பார்த்து அனுப்புவதும் அவர்தான்.

இவற்றையெல்லாம் செய்துமுடித்த பிறகுதான் குளம் நாம் புகைப்படம் எடுக்கிற மாதிரி இருக்கிறது. ஆளரவமில்லாத இயற்கை என்று நான் நேற்று ரசித்த காட்சிக்குள் இத்தனை பேருடைய முதுகுவலி இருக்கிறது. அது எனக்குப் பெருமையாகவே பட்டது. சங்கிலித் தொடராக நாடெங்கும் கிளைபரப்பிய முகாம்களில் நீச்சல்குளமும் நீர்ச்சறுக்கும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு அவை பிடிக்கும், பிடிக்கட்டும். தெப்பத்தை வீடு சேர்க்கும் இந்த வேலையைச் சம்பள ஆள் இதே அக்கறையோடு செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

இரவு எல்லோருக்கும் சாப்பாடு. சனிக்கிழமை என்றால் நியூ இங்கிலாந்தில் பீன்ஸ். இரும்புப் பானையில் பீன்ஸும் மொலாசஸும் கடுகுப்பொடியும் போட்டு, தணல் நிரம்பிய குழியில் இறக்கி மண்மூடி இரவெல்லாம் வேகவைக்கிறார்கள். வழக்கமாக அதில் உப்பிட்ட பன்றி இறைச்சி சேரும். அக்கா சாப்பிடமாட்டாள் என்று வெள்ளிக்கிழமையே தெரிந்துகொண்ட பாட்டி, இறைச்சி சேர்க்காமல் வெண்ணெய் போட்டு இன்னொரு சின்னப் பானையையும் புதைத்து வைத்திருந்தார். அக்கா எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோனாள். வறுவல் முதலில் தீர்ந்தது. "தம்பி, அந்தப் பாட்டிக்கு நீ போய் சாதம் எடுத்துக் கொடு, நான் கொடுத்தால் போதும் போதும் என்கிறார்" என்றாள்.

ஞாயிறு

கிளம்பும் முன் வண்டியின் தொட்டிகளைக் காலி செய்யவேண்டும். கழிவறைத் தண்ணீர் உள்ள கறுப்புத் தொட்டி முதலில்; பாத்திரம் கழுவிய தண்ணீர் உள்ள சாம்பல் நிறத் தொட்டி பிறகு. அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். இவ்வளவும் போவது பைன்களுக்குப் பின்னாலுள்ள செப்டிக் தொட்டிக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. ஃபார்மால்டிஹைட் கலந்த தொட்டி மருந்தை இங்கே யாரும் ஊற்றக்கூடாது. செப்டிக்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். செப்டிக் தவறினால் பாஸ்பரஸ் குளத்தில் இறங்கும், நீலப்பச்சைப் பாசி பொங்கும், நீச்சல் நிற்கும். மகன் கையுறையோடு பக்கத்தில் நின்று ஒவ்வொரு வண்டியின் குழாய் மூட்டையும் தொட்டுப் பார்த்தார்.

அலுவலகத்தில் பாட்டி அடுத்த ஆண்டு நோட்டை எடுத்தார். பென்சிலில் எழுதிய கட்டங்கள். அக்கா, ஜூலை, தண்ணீருக்குப் பக்கத்து இடம் வேண்டும் என்றாள். பாட்டி தலையை அசைத்தார்; அந்த முனைக்கு ஜூலை நடுவரை கயிறு கட்டியிருப்பார்களாம், லூன் அடைகாக்கும். ஆகஸ்ட் முதல் வாரம் தரட்டுமா, அப்போது குஞ்சு தாயின் முதுகைவிட்டு இறங்கி முங்கப் பழகும் என்றார். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் விடுமுறையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் முன்பணத்துக்காகப் பையைத் துழாவினார்.